அறிக்கையா, மௌனமா, சுற்றறிக்கையா? கருக்கலைப்புச் சட்டம் மாறும் நாளில் ஒரு வளாகத்தின் முன்னுள்ள வழிகள்

2022 ஜூன் 24ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் டொப்ஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கருக்கலைப்பு அரசியலமைப்பு தரும் உரிமை என்று 1973இல் ரோ எதிர் வேட் வழக்கில் கிடைத்த பாதுகாப்பு அன்றோடு போனது. இனி அந்தந்த மாநிலம் தன் விருப்பப்படி சட்டம் செய்துகொள்ளலாம் என்றாயிற்று. மிசிசிப்பி மாநிலத்தின் 15 வார எல்லைச் சட்டத்தில் தொடங்கிய வழக்கு அது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் சாமுவேல் அலிட்டோ. வரைவு மே மாதமே கசிந்துவிட்டதால் யாருக்கும் அது பெரிய ஆச்சரியமில்லை. ஆனாலும் பல்கலைக்கழகத் தலைவர்கள் ஆளுக்கொரு விதமாக நடந்துகொண்டார்கள். ஒருவர் அன்றைக்கே பக்கம் எடுத்தார், இன்னொருவர் வாயே திறக்கவில்லை, வேறோர் இடத்தில் சட்டத்தரணிகள் பேனாவை எடுத்தார்கள்.

நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தும் பேச்சு நம் நாட்டிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழும்புகிறது. அடுத்த முறை எழும்பும்போது கம்பஸில் யாராவது ஒரு நிலைப்பாடு கேட்பார்கள். மாணவர் ஒன்றியம் கேட்கும், பத்திரிகைக்காரர் கேட்பார், சில பெற்றோரும் கேட்பார்கள். அன்றைக்குப் பதறிப்போய் எதையாவது எழுதுவதைவிட, மற்றவர்கள் செய்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

ஒப்பிடுவதற்கு முன் நம் நிலைமையைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மிடம் இருப்பது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. அதன் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு செய்தாலன்றிக் கருவைக் கலைப்பது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. தனக்குத்தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதற்குள் வருவாள். வன்புணர்வால் தங்கிய கருவுக்கும் விலக்கு இல்லை, பிறந்தாலும் பிழைக்காது என்று தெரிந்த சிசுவுக்கும் விலக்கு இல்லை. 1995இல் இதைத் தளர்த்த ஒரு முயற்சி நடந்தது. எதிர்ப்பு வந்ததும் அந்தப் பகுதியை மட்டும் சட்டமூலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 2017இல் வன்புணர்வுக்கும் கடுமையான சிசுக் குறைபாட்டுக்கும் விலக்குக் கொடுக்க அமைச்சரவை இணங்கியது. கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. கதை அங்கேயே நின்றது.

நம் அரசியலமைப்பில் இன்னொரு விஷயம் உண்டு. இதைக் கவனிக்காமல் அமெரிக்காவோடு ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். ஏற்கனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது 16ஆம் உறுப்புரை. சபாநாயகர் சான்றுரை எழுதிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் பிறகு கேள்வி கேட்க முடியாது என்கிறது 80ஆம் உறுப்புரை. சட்டமூலமாக இருக்கும்போது மட்டும், அதுவும் குறுகிய காலத்துக்குள், உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆகவே உயர் நீதிமன்றம் இருக்கும் கொழும்புப் புதுக்கடையிலிருந்து ஒரு ரோவும் வராது, ஒரு டொப்ஸும் வராது. வருவதென்றால் பாராளுமன்றத்திலிருந்து, வர்த்தமானியில் அச்சாகி, விவாதம் நடந்து, மெல்லத்தான் வரும். நேரம் போதவில்லை என்று சொல்ல நம் நிர்வாகிகளுக்கு வழியே இல்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் பேசியது. அப்போது இடைக்காலத் தலைவராக இருந்த மேரி சூ கோல்மன், தான் கருக்கலைப்புச் சேவைகளை உறுதியாக ஆதரிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். அந்த மாநிலத்தில் 1931ஆம் ஆண்டின் தடைச் சட்டமொன்று நீக்கப்படாமலே கிடந்தது. ரோ போனால் அது மறுபடி உயிர்பெறும் என்ற பயம் இருந்தது. ஒரு நீதிமன்றம் அதற்கு மே மாதமே இடைக்காலத் தடை போட்டிருந்தது. அறிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தீர்ப்பு வருவதற்கு முன்பே அவர்கள் ஒரு செயற்குழுவை அமைத்து, தடை வந்தால் மருத்துவமனையில் என்ன நடக்கும், மாணவிகளுக்கு என்ன நடக்கும், மருத்துவ மாணவர்களின் பயிற்சி என்னவாகும் என்று யோசிக்கத் தொடங்கியதுதான். அந்த நவம்பரில் மாநில மக்கள் வாக்களித்து இந்த உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். 1931ஆம் ஆண்டுச் சட்டம் 2023இல் நீக்கப்பட்டது.

மறுபக்கம் தீர்ப்பை வரவேற்ற குரல்கள் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களின் பக்கமிருந்து வந்தன. அவர்களைக் குறைசொல்ல முடியாது. சமய அடிப்படையில் நடக்கும் நிறுவனம் தன் சமயம் சொல்வதைச் சொல்கிறது, அங்கே படிக்கப் போகிறவர்களுக்கும் அது தெரியும்.

திருகோணமலையில் இந்த வழி எப்படி இருக்கும்? முதலாவது, நம் வளாக முதல்வர் தனியாக ஒரு கொள்கை அறிக்கை விட முடியாது. அது பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் இருக்கும் வந்தாறுமூலைக்குப் போய், மூதவையையும் பேரவையையும் தாண்டி வரவேண்டும். வரும்போது அதில் உப்பும் இருக்காது, புளியும் இருக்காது. இரண்டாவது, மிச்சிகனின் வார்த்தைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய மருத்துவமனை நின்றது. நம் வளாகத்தில் மேலைத்தேய மருத்துவ பீடமே இல்லை, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பீடம் மட்டக்களப்பில். வார்த்தைக்குப் பின்னால் ஒன்றுமில்லாவிட்டால் அது வார்த்தை மட்டுமே. மூன்றாவது, இந்த வளாகத்தில் சைவப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், கத்தோலிக்கர், பௌத்தர் எல்லோரும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். கத்தோலிக்கருக்கு எந்த நிலையிலும் கூடாது. இஸ்லாமியச் சட்ட அறிஞர்களிடையே 120 நாள் என்ற எல்லையை வைத்து நீண்ட விவாதம் உண்டு. சைவ வீடுகளில் பாவம் என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். எந்தப் பக்கம் அறிக்கை விட்டாலும் ஒரு மாதம் சண்டை நடக்கும். அந்த ஒரு மாதத்தில் விடுதியில் உண்மையாகவே தவித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை, இனி வோடனிடம் போய்ப் பேச முடியாது என்று முடிவுகட்டிவிடுவாள். அதுவும் அறிக்கை எதிர்ப்பாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சிக்காகோ பல்கலைக்கழகத்தின் வழி வேறு. வியட்நாம் போர்க் காலத்தில், 1967இல், சட்டப் பேராசிரியர் ஹரி கால்வன் தலைமையில் ஒரு குழு அறிக்கை எழுதியது. விமர்சகர்களுக்கு இடம் கொடுப்பதுதான் பல்கலைக்கழகத்தின் வேலை, தானே விமர்சகராக மாறுவது அல்ல என்பது அதன் சாரம். பல்கலைக்கழகத்தின் இருப்பையே பாதிக்கும் விஷயங்களில் மட்டும் பேசலாம். இதை நெடுங்காலம் சிக்காகோவின் பிடிவாதம் என்றே மற்றவர்கள் பார்த்தார்கள். 2023 இறுதியில் காசாப் போரை ஒட்டி எழுந்த குழப்பங்களுக்குப் பிறகு பலர் இந்தப் பக்கம் வந்தார்கள். ஹார்வர்ட்கூட 2024 மே மாதம், தன் கல்விப் பணியோடு நேரடித் தொடர்பில்லாத பொது விவகாரங்களில் அறிக்கை விடுவதில்லை என்று அறிவித்தது.

வெளியே பேசுவதைப் பொறுத்தவரை எனக்கு இந்த வழி பிடிக்கும். நிறுவனம் பேசாமலிருந்தால்தான் விரிவுரையாளரும் மாணவரும் பயமில்லாமல் பேசலாம். ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. சிக்காகோ பல்கலைக்கழகம் கருத்தில் நடுநிலை வகித்தது, சேவையில் அல்ல. இல்லினோய் மாநிலச் சட்டம் அனுமதிப்பதால் அதன் மருத்துவமனை தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. தலைவர் பேசவில்லை என்பதற்காக எந்த மாணவியும் கைவிடப்படவில்லை. நம் ஊரில் நடுநிலை என்று சொல்வது பெரும்பாலும் ஒன்றுமே செய்யாமலிருப்பதற்கு வைக்கும் மரியாதையான பெயர். நான் பார்த்த நடுநிலைகளில் பாதி அப்படித்தான்.

அடுத்தது ஐடஹோ பல்கலைக்கழகம். இதில் நம்மவர்கள் படிக்க நிறைய இருக்கிறது, ஏனென்றால் யாரும் கேட்காமலே இங்கே நடந்துவிடக்கூடியது இதுதான்.

அந்த மாநிலம் 2021இலேயே பொதுப்பணம் கருக்கலைப்புக்குப் போகக்கூடாது என்று ஒரு சட்டம் செய்திருந்தது. டொப்ஸ் தீர்ப்புக்குப் பிறகு ஏறக்குறைய முழுத்தடையும் நடைமுறைக்கு வந்தது. 2022 செப்டெம்பரில் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவு ஊழியர்களுக்கு ஒரு குறிப்பை அனுப்பியது. கருக்கலைப்பை ஊக்குவிக்கக்கூடாது, அதற்கு ஆதரவாக ஆலோசனை சொல்லக்கூடாது, எங்கே போகலாம் என்று வழிகாட்டக்கூடாது, வகுப்பில் பேச்சு வந்தால் நடுநிலையாக இருக்க வேண்டும், மீறினால் வேலையும் போகலாம், குற்றவழக்கும் வரலாம் என்று அதில் இருந்தது. இது மட்டுமென்றால் சட்டம் சொன்னதைச் சொன்னார்கள் என்று விடலாம். அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். பழைய சட்டமொன்றைக் காரணம் காட்டி, ஆணுறையைத் தொற்று தடுக்கக் கொடுக்கலாம், கருத்தடைக்காகக் கொடுக்கக்கூடாது என்றும் எழுதினார்கள். பொருள் ஒன்றுதான், கொடுக்கும்போது மனதில் நினைக்கும் காரணம் மட்டும் வேறாக இருக்க வேண்டும்! அது நாடு முழுக்கச் செய்தியானது, ஜனாதிபதி பைடனே கண்டித்தார்.

அந்தக் குறிப்பை எழுதியவர்களை நான் கெட்டவர்களாகப் பார்க்கவில்லை. ஊழியர்கள் சிறைக்குப் போகக்கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது. ஆனால் சட்டத்தரணியிடம் மட்டும் பேனாவைக் கொடுத்தால் எதைச் செய்யக்கூடாது என்பதுதான் வரும். எதைச் செய்யலாம் என்ற பகுதி காணாமல் போகும். சட்டம் தடுத்தது ஒரு முழம் என்றால் பயம் தடுப்பது மூன்று முழம். 2023இல் அந்த மாநிலப் பேராசிரியர்கள் சிலர், வகுப்பில் கருக்கலைப்பைப் பற்றிக் கற்பிப்பதே குற்றமாகிவிடுமோ என்று நீதிமன்றம் போகவேண்டி வந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐடஹோ பல்கலைக்கழகம் இருக்கும் மொஸ்கோ என்ற சிற்றூரிலிருந்து வொஷிங்டன் மாநிலத்தின் புல்மன் நகருக்கு 13 கிலோமீற்றர்தான். ஏறக்குறைய திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குப் போகிற தூரம். புல்மனில் கருக்கலைப்பு சட்டபூர்வமானது. ஆனால் மொஸ்கோவில் இருக்கும் ஊழியர் அந்த ஊரின் பெயரைச் சொல்லலாமா என்பதே கேள்வி.

இதை நம் வளாகத்தில் வைத்துப் பாருங்கள். நமக்கு சுற்றறிக்கைப் பழக்கம் ஏற்கனவே உண்டு. இங்கே சித்த மருத்துவ பீடம் இருக்கிறது. அந்த மாணவர்கள் சூல் மருத்துவமும் மகளிர் மருத்துவமும் பாடமாகவே படிக்கிறார்கள். கருச்சிதைவைப் பற்றியும் கருவைக் கலைக்கும் பொருட்களின் ஆபத்தைப் பற்றியும் பேசாமல் அந்தப் பாடத்தை எப்படி நடத்துவது? தொடர்பாடல் படிக்கும் பிள்ளைகள் இதே விஷயத்தை விவாதத்துக்கு எடுக்கலாம், குறும்படமாக எடுக்கலாம். பயந்துபோன ஒரு சுற்றறிக்கை இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடும். அப்புறம் விடுதி அறைகளில் மிஞ்சுவது பப்பாசிக்காயும் அன்னாசியும் எள்ளும் பற்றிய கதைகளும், யாரோ ஒரு அக்காவுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் விற்கும் பெயர் தெரியாத மாத்திரையும்தான்.

கலிபோர்னியாவின் வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இன்றைய சட்டத்தில் நமக்கு அது கிடையாது. அரச பல்கலைக்கழகங்களின் மாணவர் சுகாதார நிலையங்களே கருக்கலைப்பு மாத்திரையைத் தரவேண்டும் என்று அங்கே 2019இல் சட்டம் செய்தார்கள், 2023 ஜனவரி முதல் அது நடைமுறை. நியூயோர்க்கின் பார்னார்ட் கல்லூரி சட்டம் வற்புறுத்தாமலே, டொப்ஸ் தீர்ப்பு வந்த ஆண்டின் ஒக்டோபரில் அதே முடிவை எடுத்தது. கலிபோர்னியாவில் இதற்கு முந்தைய சட்டமூலத்தை 2018இல் ஆளுநர் ஜெரி பிரவுன் நிராகரித்தார். சேவை பக்கத்திலேயே கிடைக்கிறது, வளாகத்துக்குள் தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த ஆண்டு வந்த ஆளுநர் அதை ஏற்கவில்லை. இந்தச் சின்னத் தகராறு எனக்குப் பிடித்தமானது. கோணேசபுரியிலிருந்து திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அங்கே நம்பர் எடுக்கும் இடத்தில் சொந்தக்காரர் நிற்பார், பாமசியில் அப்பாவின் கூட்டாளி நிற்பார். கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ வரும் பிள்ளைக்கு நகரத்தில் பாதிப்பேர் தெரிந்த முகம். அந்தத் தூரத்தை கிலோமீற்றரில் அளக்க முடியாது.

இந்தியாவையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும், நம் பிள்ளைகள் பலர் படிக்கப் போகும் நாடு என்பதால். அங்கே 1971ஆம் ஆண்டின் சட்டம் அனுமதிக்கிறது. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும், சில வகைப் பெண்களுக்கு இருவரின் கருத்தோடு 24 வாரம் வரை. 2022 செப்டெம்பர் 29இல் உச்ச நீதிமன்றம், திருமணமாகாத பெண்களையும் அந்த 24 வார எல்லையிலிருந்து ஒதுக்கக்கூடாது என்று சொன்னது. சென்னைக்கோ திருச்சிக்கோ படிக்கப் போகிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். திரும்பி வந்தால் சட்டம் வேறு என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

என்னிடம் கேட்டால், வெளியே சிக்காகோவைப்போல் இருக்கலாம், உள்ளே மிச்சிகனின் செயற்குழுவை எடுத்துக்கொள்ளலாம். அதாவது நிலைப்பாட்டு அறிக்கை வேண்டாம், ஆனால் ஒரு சின்னக் குழு வேண்டும். பல்கலைக்கழக வைத்திய அதிகாரி, ஒரு சட்டத்தரணி, சித்த மருத்துவ பீடத்திலிருந்து ஒருவர், மாணவர் ஆலோசகர் ஒருவர், விடுதிப் பொறுப்பாளர், இரண்டு மாணவிகள். சட்டத்தரணி இருக்கட்டும், ஆனால் கடைசிக் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டாம். இந்தக் குழு எழுத வேண்டியது ஒரே ஒரு தாள், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, இன்றைய சட்டத்திலேயே அந்தத் தாளுக்கு நிறைய வேலை உண்டு.

அதில் முதலாவதாக வரவேண்டியது, கருக்கலைப்புக்குப் பின்னான பராமரிப்பு. எப்படிக் கலைந்திருந்தாலும் சரி, இரத்தப்போக்கு நிற்காவிட்டால், காய்ச்சல் வந்தால், அடிவயிறு தாங்க முடியாமல் வலித்தால் உடனே வைத்தியசாலை. அவளுக்குச் சிகிச்சை கொடுப்பது குற்றமில்லை, அது வைத்தியரின் கடமை. சுகாதார அமைச்சு இதற்கென்றே வழிகாட்டி வைத்திருக்கிறது. பாதுகாப்பற்ற கருக்கலைப்பு நம் நாட்டில் தாய் மரணங்களுக்கான காரணங்களில் ஒன்று. சட்டத்துக்குப் பயந்து அறைக்குள் படுத்துக்கிடப்பதுதான் உயிரைக் கொண்டுபோகிறது. ராத்திரியானாலும் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காமல் வரும். வோடன்மாருக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், முக்கியமாக, வண்டியை முதலில் கூப்பிட வேண்டும், விசாரணையும் வீட்டுக்கு அறிவிப்பதும் பிறகு என்று. பதினெட்டு வயது தாண்டிய பிள்ளையின் வீட்டுக்கு அவளைக் கேட்காமல் அறிவிக்கலாமா என்பதையும் குழு அப்போதே பேசித் தீர்க்க வேண்டும்.

அவசர கருத்தடை மாத்திரை பற்றியும் எழுதலாம். அது சட்டபூர்வமானது, பாமசியில் துண்டு இல்லாமலே கிடைக்கும், உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது, தங்கிவிட்ட கருவை அது கலைக்காது. இந்தக் கடைசி விஷயம் தெரியாமல் கலைக்கும் மாத்திரை என்று பயப்படுகிறவர்களும் உண்டு, கலைத்துவிடும் என்று நம்பி நாள் கடத்துகிறவர்களும் உண்டு. வன்புணர்வு என்றால் போக வேண்டிய இடம், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, மனம் உடைந்தால் அழைக்க 1926 என்பவையும் வேண்டும். கருவை வைத்துக்கொள்ள முடிவு செய்தவளுக்கும் வழி சொல்ல வேண்டும்: பரீட்சையைத் தள்ளிப்போட எங்கே விண்ணப்பிப்பது, தங்கியிருக்கும் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரிடம் எப்படிப் பதிவது, பிள்ளை பிறந்த பிறகு படிப்புக்குத் திரும்ப முடியுமா. இந்தப் பகுதியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். சட்டத்தைத் தளர்த்தக்கூடாது என்று வாதிடுகிறவர்கள் இந்தப் பகுதியையாவது எழுதிக்கொடுக்க முன்வரலாம்.

பாட விஷயத்துக்கு ஒரு வரி போதும்: வகுப்பிலும் ஆய்விலும் விவாத மேடையிலும் கருக்கலைப்பைப் பற்றிப் பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லை என்று. 303ஆம் பிரிவு செயலைத்தான் தண்டிக்கிறது, அதைப் பற்றிய பாடத்தை அல்ல. இந்த வரி எழுத்தில் இருந்தால் சித்த மருத்துவ விரிவுரையாளர் நிம்மதியாகப் பாடம் நடத்துவார், நாளைக்கு யாராவது ஐடஹோ பாணியில் ஒரு சுற்றறிக்கையைக் கொண்டுவந்தால் காட்டுவதற்கும் ஒரு தாள் இருக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதும் உண்டு. இப்படியொரு தாளை வைத்தாலே கம்பஸில் ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று யாராவது முகநூலில் எழுதுவார்கள். எழுதட்டும். அறிக்கை விட்டிருந்தால் சண்டை கொள்கையைப் பற்றியதாக இருந்திருக்கும், முடிவே இருக்காது. தாளில் இருப்பதோ வைத்தியசாலைக்குப் போ, இந்த இலக்கத்துக்கு அழை என்பது மட்டும், அதை எதிர்த்து நீளமாக எழுதுவது கஷ்டம். இன்னொன்று, நிலைப்பாடு எடுக்காததற்காகச் சட்டத் திருத்தத்துக்குப் போராடுகிற மாணவிகள் கோபப்படுவார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அவர்கள் தங்கள் பெயரில் எழுதட்டும், கூட்டம் போடட்டும், நிர்வாகம் மண்டபத்தைத் திறந்துவிட வேண்டும். எதிர்க்கிறவர்களுக்கும் அதே மண்டபம்.

சட்டமூலம் உண்மையாகவே வர்த்தமானியில் வந்தால் குழு மறுபடி கூடித் தாளைத் திருத்த வேண்டும், நிறைவேறினால் இன்னொரு முறை. செலவு என்று பார்த்தால் அச்சுக்கூலிதான். தாளை விடுதி அலுவலக அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டினால் யாரும் நின்று வாசிக்கமாட்டார்கள், நின்றால் யார் நின்றது என்று கதை வரும். பெண்கள் கழிவறைக் கதவுகளின் உட்பக்கம் ஒட்டலாம், முதலாம் ஆண்டு வருகிற எல்லோருக்கும், பெடியன்களுக்கும் சேர்த்து, நூலக அட்டையோடு கொடுத்துவிடலாம்.